குடும்பத் தலைவர் அவர்களுக்கு

தங்கையை வீடு மாற்றி நான்கு மாதம் ஆகிவிட்டது, இனி அந்த டிரைவிங் ஸ்கூல்காரனின் நிழல்கூட அவள் பக்கம் விழாது என்று போன வாரம் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்தாள் பெரியவள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்களும் நானும் அவள் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் படுத்திருப்போம்.

அந்த நிம்மதிக்கு உலை வைக்க, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒருவன் ஒழுங்காக டோக்கன் எடுத்துக்கொண்டு, இரண்டாவது வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

பெரியவளுக்கு வேலை நகராட்சி அலுவலகத்தில், சமூக உதவிப் பிரிவில். படுத்த படுக்கையான முதியவருக்கு வீட்டுக்கே வரும் நர்ஸ், பேச்சு வராத குழந்தைக்குப் பயிற்சி ஆசிரியை, வீட்டில் அடி வாங்குகிறவளுக்கு ஆலோசனை, எதுவாக இருந்தாலும் மனு அவள் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் சன்னல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. அலுவலகத்தில் அவளுடைய பெயரே 'மூணாம் சன்னல்' என்று ஆகிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவள் தங்கை புருஷன்.

ஊரில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிற புது ஆட்களிடம்கூட "மெதுவா, மெதுவா" என்றுதான் சொல்வான். வீட்டுக்குள் வந்தால் அந்த மெதுவெல்லாம் செருப்போடு வாசலில் நின்றுவிடும். வெளியே போகும்போது பெண்டாட்டியையும் மகளையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். ஆறு வருஷம் பொறுத்து, ஒரு நாள் அவன் பூட்ட மறந்தபோதுதான் சின்னவள் இரண்டு பையும் ஐந்து வயது மகளுமாக வெளியே வந்தாள்.

"டோக்கன் நாற்பத்தேழு."

"வணக்கம் அண்ணி. உடம்பெல்லாம் நல்லா இருக்கா?"

அவன் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளை நுழைத்தான்.

"லெட்டர் வந்துச்சு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரச் சொல்லியிருந்தாங்க. போட்டுட்டேன். வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீல் மட்டும் குத்திக் குடுத்தீங்கன்னா போதும்."

நகராட்சியின் வருடாந்தரச் சரிபார்ப்புக் கடிதம்தான். 'குடும்பத் தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கியது. தங்கள் குடும்பம் பெற்றுவரும் சேவைகளின் விவரம் கீழே. அதற்கும் கீழே கட்டம் போட்டு, அழகான எழுத்தில்: சேவை, பேச்சுப் பயிற்சி. பெறுபவர், மகள். நாள், செவ்வாய். நேரம், மாலை நான்கு மணி. சேவை நடக்கும் இடம், பதினான்கு, பின் சந்து, லாண்டரி மாடி.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'சரி' என்று டிக் போட்டிருந்தான்.

"ஆனா அண்ணி, கண்ணால பார்க்காம சரின்னு டிக் போடறது தப்பில்லையா? மனசு உறுத்துது. இன்னைக்குச் செவ்வாய்தானே. சாயந்திரம் நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

பின்னால் ஒரு கிழவர் இருமினார். யாரோ டோக்கனை ஆட்டிக் காட்டினார்கள். பெரியவளின் கை, பதினோரு வருஷப் பழக்கத்தில், தானாகப் போய் சீலை எடுத்தது. 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று குத்தியது. தேதியும் போட்டது.

அவனுக்கு அந்த சீல் ஒன்றுக்கும் ஆகாது. நேரே பின் சந்துக்கே போயிருக்கலாம். அவளைவிட்டே குத்த வைக்கவேண்டும், அதற்காகத்தான் நாற்பது நிமிஷம் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"வரேன் அண்ணி," என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

இது எப்படி நடந்தது என்று பெரியவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே தெரியும்.

நகராட்சியில் குடும்பத்துக்கு ஒரு எண். எண்ணுக்கு ஒரு தலைவர். பிரிந்து வந்த பெண் தனி எண் வாங்கவேண்டுமென்றால் தலைவரின் கையெழுத்து வேண்டும், நாற்பது நாள் ஆகும், அதற்குள் பழைய எண்ணில் கிடைத்த சேவையெல்லாம் நின்று, திரும்ப வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். சின்னவளின் குழந்தை அந்தப் பேச்சு ஆசிரியைக்காக ஏழு மாதம் காத்திருந்தது.

அதற்குப் பெரியவள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். எண்ணைத் தொடமாட்டாள். தலைவரைத் தொடமாட்டாள். 'சேவை நடக்கும் இடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதை மட்டும் மாற்றிவிடுவாள். ஆசிரியை புது இடத்துக்குப் போவாள், நர்ஸ் புது இடத்துக்குப் போவாள், கடிதங்கள் மட்டும் தலைவருக்குப் போகும். கடிதத்தில் அந்தக் கட்டம் அச்சாகாது. இத்தனை வருஷம் அச்சானதில்லை.

தங்கைக்கு மட்டும் செய்ததல்ல இது. எத்தனையோ பெண்களுக்குச் செய்திருக்கிறாள். "மூணாம் சன்னலுக்குப் போ, அந்தம்மா ஏதாவது வழி பண்ணும்" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லுமளவுக்கு. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

இந்த வருஷம் கடிதத்தை மாற்றினார்கள். அந்தக் கட்டத்தையும் சேர்த்தார்கள். போன வாரம் இரண்டாயிரத்து நானூறு கடிதம் அச்சாகி வந்தபோது, பிரிவில் நாலு பெண்கள் மூன்று நாள் உட்கார்ந்து மடித்து உறையில் போட்டார்கள். "இந்த வருஷம் பார்க்கவே லட்சணமா இருக்கு" என்று சொன்னது பெரியவள்தான். மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பிரிவுத் தலைவருக்கு 'பொறுமை' என்று பெயர். எதற்கெடுத்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் அது.

"சார், லெட்டர்ல சேவை நடக்கிற இடம் அச்சாகியிருக்கு."

"ஆமா. எல்லாம் வெளிப்படையா இருக்கணும்னு மன்றக் கூட்டத்துல முடிவு பண்ணாங்க. கைதட்டினாங்களாம்."

"புருஷனுக்குத் தெரியக் கூடாதுன்னு ஓடி வந்தவங்க விலாசமும் அதுல போயிருக்கு சார்."

"பொறுமை, பொறுமை. அந்த மாதிரி ஆளுங்களுக்குத் தனி எண் இருக்கணுமே. இருக்கா?"

அவரே கணினியில் எதையோ தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். 'மாற்றியவர்: சன்னல் மூன்று.'

"இது உன் தங்கச்சிதானே?"

"ஆமா சார். அந்த விலாசத்தை இப்பவே அழிச்சிடட்டுமா?"

"அழிக்கிறதுக்கு ஒரு படிவம் இருக்கு. தலைவர் சம்மதக் கையெழுத்து வேணும்."

"எவரு, அவளை அடிச்சவரா?"

"குடும்பத் தலைவர்மா. படிவத்துல அடிச்சவர், அடிக்காதவர்னு கட்டம் இல்ல."

சத்தியமாக அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை.

"அப்ப மத்தவங்களுக்காவது போன் பண்ணிச் சொல்லணும் சார். எத்தனை பேருக்குப் போயிருக்குன்னு பார்க்கணும்."

"தொடாதே! உன்கிட்ட மனு வராத கோப்பைத் திறந்து நம்பர் எடுத்தா, அதுக்குப் பேரு தகவல் திருட்டு. வேலை போயிடும். தகவல் கசிவுப் படிவம்னு ஒண்ணு இருக்கு, எழுதிக் குடு. ஏழு வேலை நாள்ல பார்ப்பாங்க."

"அவன் இன்னைக்கு நாலு மணிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறான்."

"போலீஸ் இருக்காங்கல்ல?"

இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் சின்னவள் எழுதிக் கொடுத்த புகார் 'குடும்ப விவகாரம்' என்று இரண்டே வார்த்தையோடு திரும்பி வந்தது. இன்று அவன் என்ன தப்பு செய்தான்? நகராட்சி எழுதிய கடிதத்துக்குப் பதில் சொல்கிறான்.

தெரியாமல் புருஷனுக்கு விலாசம் எழுதி அனுப்பினால் அது நடைமுறை. தெரிந்தே பெண்டாட்டியை எச்சரித்தால் அது திருட்டு. பெரியவளுக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. அந்த ஆத்திரத்தில் பாதி தன் மேலேயே என்பதுதான் தாங்க முடியவில்லை.

மதிய இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போனபோது அவள் திரையைத் திறந்தாள். தலைவரின் விலாசம் ஒன்று, சேவை நடக்கும் இடம் வேறு, தலைவர் ஆண். அப்படி எத்தனை?

முப்பத்தெட்டு.

'மாற்றியவர்' என்ற இடத்தில் முப்பத்துமூன்று தடவை 'சன்னல் மூன்று' என்று இருந்தது.

அச்சுப் போட்டால் பதிவாகும். அதனால் மேஜையில் கிடந்த பழைய டோக்கன் சீட்டுகளை எடுத்து, சீட்டுக்கு ஒன்றாக அந்தப் பெண்களின் போன் நம்பரை எழுதினாள். பக்கத்தில் இரண்டாம் சன்னல்காரி சாப்பாட்டு டப்பாவோடு நின்று பார்த்தாள்.

"ரெண்டு மணி வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியாது," என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

முதல் சீட்டு எழுதும்போதே பெரியவளுக்கு ஆள் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வந்தவள். இடது மணிக்கட்டில் கட்டு. கண்ணாடிக்கு அடியில் கையை நுழைத்துப் பெரியவளின் விரலைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அன்று முழுக்க பெரியவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

தங்கையிடம் போனில் சொல்கிற விஷயமா இது? அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அம்மாவின் போன்.

"மாப்பிள்ளை காலையில வந்திருந்தாரு. எவ்வளவு மரியாதையா பேசறாரு தெரியுமா! குழந்தையைப் பார்க்கணும்னு கண்ணு கலங்கிட்டாரு. பெத்தவன்தானேடி? நாலு பேர் பேசி சமாதானமாப் போகலாம்ல?"

"அம்மா, வை," என்றாள் பெரியவள்.

பின் சந்தில் லாண்டரியின் நீராவி நாள் முழுக்கத் தெருவில் நிற்கும். சின்னவளுக்கு வேலை கீழே, இஸ்திரி மேஜையில். இருப்பு மேலே, ஒற்றை அறையில். மேலே போய்ச் சும்மா கதவைத் தட்டினால் திறக்கமாட்டாள். மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. அக்காவின் தட்டு அது.

உள்ளே குழந்தை தரையில் படம் கிறுக்கிக்கொண்டிருந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துச் சொன்னது:

"பதி... நாலு. பின் சந்து. மாடி வீடு."

"டீச்சர் சொல்லிக் குடுத்தது," என்று சின்னவள் பூரித்துப் போய்ச் சொன்னாள். "தொலைஞ்சு போனா விலாசம் சொல்லத் தெரியணுமாம். ஒரு மாசமா படிச்சு நேத்துதான்க்கா முழுசா வந்துச்சு. நீ ஏன் இந்த நேரத்துல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

பெரியவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், நின்றபடியே, கடிதத்திலிருந்து கட்டம் வரைக்கும், கட்டத்திலிருந்து தன் கை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

சின்னவள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. இரண்டு பைகளையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். அவை பாதி அடுக்கியே இருந்தன. நாலு மாதமாக அப்படித்தான் வைத்திருந்தாள் என்பது அக்காவுக்கு இன்றுதான் தெரிந்தது.

"நீதானே சொன்ன, என் ஆபீஸ்ல இருக்கிறது என் பீரோவுல இருக்கிற மாதிரின்னு."

"தப்புதான்டி."

"அவன்கிட்ட இருந்து ஓடி வர எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. அவன் என்கிட்ட வர்றதுக்கு ஒரு தபால் போதும்ல?"

"நான் வேணும்னு செய்வேனா? குழந்தைக்கு டீச்சர் நின்னு போயிடக் கூடாதுன்னுதான்..."

"எனக்கு டீச்சரை விட்டுட்டுக் காத்திருக்கத் தெரியாதா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அவனும் கேட்கமாட்டான். நீயும் கேட்கல. ஆளாளுக்கு எனக்கு நல்லது பண்றீங்க."

அந்த 'அவனும்' பெரியவளின் கன்னத்தில் அறைந்தது. வாய்க்கு வந்த பதிலையெல்லாம் விழுங்கிவிட்டுக் குழந்தையின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். மூன்றாக மடித்தாள். கடிதம் மடித்த அதே மடிப்பு. கண்டுகொண்டதும் கை நின்றுவிட்டது.

மூன்றே காலுக்குப் பைகள் தயார். பின்பக்கப் படிக்கட்டு லாண்டரியின் துணி காயப்போடும் இடத்துக்கு இறங்கும், அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து நிமிஷ நடை.

"எங்கே போறே? என் வீட்டுக்கு வேண்டாம், அவனுக்குத் தெரியும். என் ஃப்ரெண்டு ஒருத்தி..."

"நான் போற இடம் எனக்குத் தெரியும்."

"எங்கேன்னு சொல்லுடி."

"சொல்லமாட்டேன்."

"நான் உன் அக்காடி!"

"அதனாலதான்." சின்னவளுக்கு இப்போதுதான் குரல் உடைந்தது. "நீ எனக்கு நல்லது பண்ணணும்னு எங்கேயாவது எழுதி வைப்பக்கா."

குழந்தை படியிறங்கும்போது திரும்பிக் கை ஆட்டியது. ஆட்டிவிட்டு, மனப்பாடம் மறந்துவிடக் கூடாதே என்று, படிக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே இறங்கியது. பதினாலு. பின் சந்து. மாடி வீடு. கீழே துணிகளுக்கு நடுவே மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

பெரியவள் காலி அறையில் உட்கார்ந்தாள். பேச்சு ஆசிரியைக்குப் போன் செய்து இன்று வரவேண்டாம் என்றாள். இரண்டு தடவை தவறினால் பெயர் வரிசையிலிருந்து போய்விடுமே என்று ஆசிரியை வருத்தப்பட்டாள். நல்ல பெண்.

நாலு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல், கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த கார் சந்து முனையில் நின்றது. படியேறும் சத்தம் அவசரமில்லாமல் வந்தது. பெரியவள் கதவைத் தானே திறந்து வைத்தாள்.

அவன் அவள் தோளுக்கு மேலாக அறையைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். தரையில் கிடந்த கிறுக்கல் படத்தைக் குனிந்து எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முன்பு சாவி போடுகிற பை.

"எங்கே அண்ணி?"

"தெரியாது."

"நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"சத்தியமா தெரியாது."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். நம்பினான் என்று தெரிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, தெரியாது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காகவே அழுகையும் வந்தது.

"பரவாயில்ல," என்று அவன் சிரித்தான். "குழந்தைக்கு டீச்சர் வேணும்ல? எங்கேயாவது எழுதிக் குடுத்துத்தானே ஆகணும். எழுதிக் குடுத்தா நகராட்சி எனக்குச் சொல்லிடும். நான்தானே தலைவர்?"

கார் போகிற வரை அவள் சன்னலோரம் நின்றாள். பிறகு கைப்பையைக் கவிழ்த்து டோக்கன் சீட்டுகளை மடியில் கொட்டினாள். முப்பத்தேழு. தங்கையுடையதை அவள் எழுதியிருக்கவில்லை.

நாலரை மணிக்கு முதல் சீட்டை எடுத்தாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தவள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யாருங்க?" ஆண் குரல்.

"நகராட்சியில இருந்து... வீட்டம்மா இருக்காங்களா? அவங்ககிட்டதான் பேசணும்."

"நகராட்சியா? அட, நானே கூப்பிடணும்னு இருந்தேன்! உங்க லெட்டர் வந்துச்சுங்க. ரொம்ப உபகாரம். ரெண்டு மாசமா எங்கே போனாள்னே தெரியாம அலைஞ்சுட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்."

"அவங்ககிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"படுத்திருக்கா. எழுந்திரிக்க முடியல." குரல் மிகவும் சந்தோஷமாக இருந்தது. "எதுவானாலும் என்கிட்டயே சொல்லலாம். கையெழுத்தும் போட்டு வச்சுட்டேன். நாளைக்குக் காலையில நானே கொண்டு வந்து தரேன். எந்தச் சன்னல்ல குடுக்கணுங்க?"

அவள் அந்தச் சீட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"மூணு," என்றாள் பெரியவள்.